இளைய எழுத்தும் முதல் வாசகரும்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய மடல்களுள் ஒன்று, அதன் தகுதிக்கேற்ற கவனத்தை நம்மிடையே பெறவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளிட்டு, ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள் வெளியான அம்மடல், மனித உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு யாது என்பதை ஆராய்கிறது. 44 பத்திகளே கொண்ட சிறு மடல். சுற்றுச்சூழலைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் அவர் எழுதியவை மறையுரைகளிலும் கருத்தரங்குகளிலும் பெற்ற இடத்தை இது பெறவில்லை. கதையும் கவிதையும் படிப்பதைப் பற்றித் திருத்தந்தை மடல் எழுதுவானேன் என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணமே அம்மடலின் தேவைக்குச் சான்று.

இக்கட்டுரையில் அம்மடலைத் திறனாய்வு நோக்கில் அணுக விழைகிறோம். திருத்தந்தையின் மடலாயிற்றே என்று வணங்கி மூடி வைத்துவிடுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அமராவதி நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் புத்தகத்தை நேசித்து, யாருக்கும் காட்டாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ அதனால் ஆவதென்ன என்று கேட்பதே முறையாகும்.

மடல் சொல்வது

குருமட மாணவர்களை மனத்திற்கொண்டே முதலில் எழுத எண்ணியதாகவும், பின்னர் இது கிறிஸ்தவர் அனைவருக்கும் உரியதெனக் கண்டதாகவும் திருத்தந்தை தொடக்கத்திலேயே கூறுகிறார். குருக்களின் உருவாக்கத்தில் இலக்கியம் வெறும் பொழுதுபோக்காகவும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைவில்லாத சிறுகலையாகவும் ஒதுக்கப்பட்டுள்ளது என்பது அவர்தம் வருத்தம். அவ்வாறு ஒதுக்குவது அறிவையும் ஆன்மிகத்தையும் ஒருங்கே வறுமைப்படுத்துகிறது என்கிறார்.

அவர் தரும் காரணங்களை நாம் மூன்றாகத் தொகுத்துக் கொள்ளலாம். முதலாவது, படக்காட்சி முடிந்த வடிவில் நம்மிடம் வருகிறது. நூலோ வாசிப்பவரின் நினைவையும் கற்பனையையும் துன்பத்தையும் சேர்த்துக்கொண்டே முழுமை பெறுகிறது. இரண்டாவது, இலக்கியம் படிப்பது மற்றொருவர் குரலைக் கேட்பது. அர்ஜென்டினாவின் எழுத்தாளர் போர்ஹெஸ் தம் மாணவர்களுக்குக் கூறிய இக்கருத்தைத் திருத்தந்தை தம் மடலின் நடுவே வைக்கிறார். மூன்றாவது, தவறு செய்யும் ஒரு கதைமாந்தரை நாம் உள்ளிருந்து அறிகிறோம். ஆகவே வெளியிலிருந்து விரைந்து தீர்ப்பிடும் பழக்கம் தளர்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தின் இருக்கையில் அமரும் எந்தக் குருவுக்கும் இம்மூன்றாவது காரணம் ஒன்றே போதும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இறையியல் அடித்தளம் ஒன்று உள்ளது. வார்த்தை மனிதரானார் என்பது நம் நம்பிக்கை. உணர்ச்சியும் ஏக்கமும் கண்ணீரும் கொண்ட உடலில் அவர் வாழ்ந்தார். அந்த மனித உடலை மறந்து கொள்கை வடிவான கிறிஸ்துவைப் போதிக்கும் ஆபத்து திருச்சபைக்கு என்றும் உண்டு. மனித வாழ்வைச் சதையும் குருதியுமாகக் காட்டும் கதையும் கவிதையும் அந்த ஆபத்திலிருந்து நம்மைக் காக்கும் என்பதே திருத்தந்தையின் வாதம். அரயோபாகு மன்றத்தில் நின்ற புனித பவுல் கிரேக்கக் கவிஞர்களைத் துணைக்கழைத்ததைத் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கிரேக்க நூல்களை இளைஞர்கள் எவ்வாறு பயன்கொள்ள வேண்டும் என்று நான்காம் நூற்றாண்டில் எழுதிய பெரிய பசிலியாரையும் மடல் நினைவூட்டுகிறது. ஆகவே இது புதுமை அன்று. நாம் மறந்துவிட்ட பழைய வழக்கம்.

மற்றொரு கூற்றும் குறிக்கத்தக்கது. கடமைக்காகப் படிப்பதைப்போல் பயனற்றது வேறில்லை என்கிறார் திருத்தந்தை. பிறர் புகழ்ந்தார்கள் என்பதற்காக ஒரு நூலைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. அவரவர் தம் வாழ்க்கைப் பயணத்துக்குத் துணைவரும் நூலைத் தாமே கண்டுகொள்ள வேண்டும். கட்டுரைப் போட்டிக்காக மட்டுமே நூலைத் தொடும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது சற்றுக் கசப்பான மருந்துதான்.

சாந்தா ஃபே நகரின் வகுப்பறை

இம்மடலின் உயிர்நாடி ஒரு பழைய வகுப்பறையில் உள்ளது. 1964, 1965ஆம் ஆண்டுகளில், குருப்பட்டம் பெறுமுன், அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபையினரின் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தார் பெர்கோலியோ. அப்போது அவருக்கு வயது 28. பழைய எசுப்பானிய வீரகாவியமான எல் சித் பாடமாக இருந்தது. மாணவர்களுக்கு அதில் நாட்டமில்லை. தங்களுக்கு அண்மைக் காலத்தவரான கார்சியா லோர்காவைப் படிக்க விரும்பினர். இளம் ஆசிரியர் ஒரு வழி கண்டார். பாடநூலை வீட்டில் படியுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவரைப் பற்றிப் பேசுவோம் என்றார். இச்செய்தியை மடலிலேயே அவர் எழுதியிருக்கிறார்.

அந்த மாணவர்களைக் கதை எழுதவும் வைத்தார் அவர். எழுதியவற்றைத் தாம் படித்ததோடு நில்லாமல், போர்ஹெஸின் பார்வைக்கும் கொண்டு சென்றார். அந்நாளில் போர்ஹெஸ் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர், நாட்டின் தேசிய நூலக இயக்குநர், ஏறத்தாழப் பார்வையை இழந்துவிட்டவர், இறைநம்பிக்கையில் ஐயவாதி. 1965ஆம் ஆண்டு அவர் சாந்தா ஃபே நகருக்கு வந்து அம்மாணவர்களோடு உரையாடினார். அவர்களுடைய கதைகள் அதே ஆண்டில் சிறு நூலாக வெளிவந்தபோது அதற்கு முன்னுரையும் எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது போர்ஹெஸின் புகழை அன்று. பள்ளி மாணவர் சிலர் எழுதிய கதைகளை, தண்டனைக்கோ மதிப்பெண்ணுக்கோ பரிசுக்கோ அல்லாமல், கதைகளாகவே ஒருவர் படித்தார். தாம் படித்தது தக்கது என்று கருதியதால் தம்மினும் பெரிய வாசகரிடம் கொண்டு சென்றார். மடலின் 44 பத்திகளும் வாசிப்பைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. எழுதத் துடிக்கும் இளையோரைப் பற்றி அவை விரித்துரைக்கவில்லை. ஆனால் மடலை எழுதியவரின் வாழ்க்கை அந்தக் குறையை நிரப்புகிறது. இளைய எழுத்தாளருக்கு முதல் தேவை ஒரு வாசகர். இதுவே இக்கட்டுரையின் வழி நாம் வற்புறுத்த விரும்புவது.

நேரம் என்னும் கேள்வி

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஆனைமலைத் தொடரின் அடியில், 1950களில் எழுந்த அணையையும் 1962இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியையும் ஒட்டி வளர்ந்த சிற்றூர் அமராவதி நகர். இங்கிருந்து வடக்கே உடுமலைப்பேட்டை. அதற்கும் வடக்கே திருப்பூர். வயலையும் அணையையும் நம்பிய ஊர்களிலிருந்து நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குச் செல்லும் இளையோர் பலர். ஒன்றரை ஷிப்டு என்பது இவ்வட்டாரத்தில் விளக்கம் வேண்டாத சொல். காலையில் தொடங்கும் வேலை இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோதான் முடியும். ஏற்றுமதிக்கு நாள் குறித்துவிட்டால் அதற்கு மேலும் நீளும். சனிக்கிழமைச் சம்பளம், ஞாயிறன்று திருப்பலி, துணி துவைத்தல், தூக்கம்; திங்களன்று மீண்டும் ஓவர்லாக், பேட்லாக், செக்கிங்.

மடல் இங்கேதான் நமக்குப் போதாமல் போகிறது. ஒருவருக்குப் படிக்க நேரம் உண்டு, அதை அவர் திரைகளில் வீணாக்குகிறார் என்ற எண்ணம் அதன் பின்னணியில் உள்ளது. நம் இளையோரில் ஒரு சாராருக்கு நேரமே இல்லை. 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. இந்தியாவில் அதுவே முதலாவது. ஆயினும் கிளை நூலகம் திறந்திருக்கும் நேரம் பெரும்பாலும் அவர்கள் எந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் நேரமாகவே இருக்கிறது. மடலில் வரும் இலக்கியச் சான்றுகளும் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அர்ஜென்டினாவையும் சார்ந்தவை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நமக்குரிய பத்தியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே சுட்டுகிறோம்.

அப்பத்திக்கு வேண்டிய சான்று திருத்தந்தையரின் வரிசையிலேயே கிடைக்கிறது. இலக்கிய மாணவராயிருந்த கரோல் வொய்த்திவா, நாசிப் படைகள் போலந்தைப் பிடித்துப் பல்கலைக்கழகத்தை மூடியபின், 1940ஆம் ஆண்டு கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் சால்வே வேதியியல் ஆலையில் தொழிலாளியானார். அதே ஆண்டுகளில் நண்பர்களோடு மறைவாக நாடகம் நடித்தார், கவிதை எழுதினார். இரவு ஷிப்டில் அவர் படித்த ஆன்மிக நூல் ஒன்றின் அட்டையில் ஆலையின் சோடாக் கறை படிந்திருந்ததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1956இல் அக்கல்குவாரியைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். உடன் வேலை செய்த ஒருவர் அங்கே இறந்ததன் நினைவோடு அக்கவிதை முடிகிறது. அக்காலத்தில் தம் கவிதைகளைப் புனைபெயரிலேயே வெளியிட்டு வந்தார். 1978இல் அவர் இரண்டாம் யோவான் பவுலாகத் திருத்தந்தை ஆனார். 1999இல் கலைஞர்களுக்கென ஒரு தனி மடலும் எழுதினார்.

சோடாக் கறை படிந்த அந்த அட்டையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பஞ்சுத்தூசு ஒட்டிய புத்தகம், பண்டில்களுக்கிடையே செருகி வைத்த நோட்டு, கம்பெனி வேனின் மங்கிய விளக்கில் படிக்கும் கண்கள் ஆகியவை திருச்சபைக்கு அந்நியமானவை அல்ல. எனினும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வொய்த்திவா படித்தாரே, நீ ஏன் படிக்கக் கூடாது என்று களைத்துப்போன பிள்ளையிடம் கேட்பது கொடுமை. வேலை நேரம் மனிதத்தன்மையோடு அமைய வேண்டும் என்று கேட்பதும் இலக்கியத்துக்குச் செய்யும் பணியே. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலே ஓய்வை உரிமையாகக் கண்டது.

பெற்றோரின் கவலையையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. கடனும் கல்விக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும் வீட்டில், மகன் கதைப்புத்தகம் வாங்கி வந்தால் தாய் கலங்குவது இயல்பு. படிப்பில் நாட்டமுள்ள மகளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்குமே என்று தந்தை அஞ்சுவதும் உண்டு. கவிதை படித்தால் மதிப்பெண் கூடும், வேலை கிடைக்கும் என்று அவர்களுக்கு நாம் வாக்களிக்கலாகாது. அவ்வாறு சொல்வது உண்மையாகாது, இலக்கியத்துக்கும் அவமதிப்பு. செபத்தை ஆதாயக் கணக்கால் அளப்பதில்லை அன்றோ? களைப்பும் ஏமாற்றமும் சூழ்ந்து செபமும் கைகொடுக்காதபோது ஒரு நல்ல நூல் அந்தப் புயலைக் கடக்க உதவக்கூடும் என்று மடல் கூறுவதை மட்டும் அவர்களிடம் சொல்லலாம். அதற்குமேல் வாக்குறுதி வேண்டாம்.

பெயரிடுதல்

மடலின் இறுதிப் பகுதி தொடக்கநூலுக்குச் செல்கிறது. உயிரினங்களுக்குப் பெயரிடும் பணி ஆதாமிடம் ஒப்படைக்கப்பட்டது. கவிஞரும் அப்பணியையே தொடர்கிறார் என்பது திருத்தந்தையின் கருத்து. இவ்விடத்தை நாம் சற்று அழுத்தமாகப் படிக்க வேண்டும். ஏனெனில் நம் வட்டாரத்தின் வாழ்வுக்கு இலக்கியத்தில் பெயரிட்டவர்கள் மிகச் சிலரே.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் வந்தது. சாயக்கழிவு நொய்யலையும் அதன் கரை மனிதரையும் என்ன செய்கிறது என்பதை நாவலாக்கியது. அரசும் நீதிமன்றமும் பேசியவற்றைச் செய்தித்தாளில் படித்தோம். 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் நினைவிருக்கலாம். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் அந்நீரின் நிறத்தை எழுதிவிட்டார். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' 2004இல் வந்தது. பள்ளியை விட்டு வெளியேறும் நண்பர்கள் திருப்பூரின் வளர்ச்சியோடு சேர்ந்து எங்கெங்கோ செல்வதைப் பெரும் பரப்பில் காட்டுகிறது. இவ்விருவரும் கத்தோலிக்கச் சிந்தனையிலிருந்து எழுதியவர்கள் அல்லர். ஆயினும் நம் மக்கள் நாள்தோறும் தொட்டுப் புழங்கும் பொருள்களுக்கு இலக்கியத்தில் பெயரிட்டவர்கள் இவர்கள். எழுத விழையும் நம் இளையோர் கையில் இந்நூல்களைத் தர நாம் தயங்க வேண்டியதில்லை. உள்ளே கடுமையான பகுதிகள் இருக்குமே என்றால், அந்த வாழ்க்கைக்குள்தானே அவர்களை நாள்தோறும் அனுப்புகிறோம்?

நோட்டுகளைப் பற்றி

இளையோரின் கவிதை நோட்டுகள் பங்குத்தந்தையரின் கைக்கு வருவதுண்டு. பெரும்பாலும் தயக்கத்தோடு, பிறகு பாருங்கள் பாதர் என்ற சொல்லோடு வரும். அவற்றில் பொதுவாகக் காணும் இயல்புகளை இங்கு மதிப்பிட விரும்புகிறோம்.

முதல் பக்கங்களில் மௌனமும் வலியும் நிலவும் சிறகும் மிகுந்திருக்கும். திரைப்படப் பாட்டின் ஓசை கேட்கும். திருமணத்துக்குப் போக இரவல் வாங்கிய சட்டைபோல் அச்சொற்கள் உடம்புக்குப் பொருந்தாமல் தொங்கும். பக்திக் கவிதைகளின் நிலையும் இதுவே. சிலுவை, முள்முடி, கண்ணீர், கருணைக்கடல் ஆகிய சொற்கள் மறையுரையிலிருந்தும் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் அப்படியே இறங்கியிருக்கும். புனிதமான சொல் என்பதால் இரவல் சொல் சொந்தமாகிவிடாது. இதை நாம் அன்போடும் தெளிவோடும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் வேறு குரல் கேட்கும். ஊசி ஏறிய விரலைப் பற்றியிருக்கலாம். தாம் தைத்த சட்டையின் கழுத்தில் தொங்கும் அயல்நாட்டு விலைச்சீட்டைப் பற்றியிருக்கலாம். விடுதியில் பிறந்தநாள் கழிந்ததைப் பற்றியோ, அணையிலிருந்து வாய்க்காலுக்கு நீர் வராத ஆண்டில் தந்தை பேசாமல் இருந்ததைப் பற்றியோ இருக்கலாம். இலக்கணம் தவறியிருக்கும்; யாப்பு இருக்காது; ஆனால் அதை வேறு எவரும் எழுதியிருக்க முடியாது. அந்த ஓரிடத்தைக் கண்டெடுத்து, இது உன்னுடையது, இங்கிருந்து தொடங்கு என்று சொல்வதே முதல் வாசகரின் வேலை.

இவ்வேலையில் நாம் வழுவும் இடங்கள் இரண்டு. அருமை, தொடர்ந்து எழுது என்று படிக்காமலே பாராட்டித் திருப்பித் தருவது ஒன்று. சந்திப்பிழைகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு நீதியையும் எழுதித் தருவது மற்றொன்று. முன்னது அந்தப் பிள்ளையைக் கேட்கவில்லை. பின்னது கேட்குமுன் திருத்திவிட்டது. இவ்விரண்டோடு நம் பங்குகளுக்கே உரிய மூன்றாவது வழுவும் உண்டு. எழுதத் தெரிந்த பிள்ளை என்று அறிந்ததும் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் திருவிழா வரவேற்புக்கும் ஆயரை வாழ்த்தும் மடலுக்கும் எழுதித்தரச் சொல்கிறோம். அது தவறன்று. ஆனால் நமக்கு வேண்டியதை மட்டுமே அந்தக் கையிடம் கேட்டுக்கொண்டிருந்தால், அதற்கு என்ன வேண்டும் என்பதை அறியாமலே போவோம்.

கைபேசியைப் பற்றியும் ஒரு சொல். நோட்டு வாங்காத பிள்ளைகள் கைபேசியில் எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள், கவிதைக்குக் குரல் கொடுத்து இசை சேர்க்கிறார்கள், சிறு படங்கள் எடுக்கிறார்கள். திரை என்றவுடன் கண்டிக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். ஒன்றரை ஷிப்டு முடித்து வருபவருக்கு அதுவே நோட்டு, அதுவே நூலகம். உடுமலைப்பேட்டையிலிருந்தே இணைய வழியாகத் தமிழ் நூல்கள் உலகெங்கும் அனுப்பப்படுவதை நாம் அறிவோம். கடுமையாகச் சொல்ல வேண்டியது வேறொன்று உண்டு. திரையில் எழுத்துக்குக் கிடைப்பது எண்ணிக்கை. நூறு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கலாம். ஒருவர்கூடப் படித்திராமல் இருக்கலாம். எண்ணிக்கையை வாசகர் என்று நம்பிவிட்டால், எண்ணிக்கை எதைக் கேட்கிறதோ அதையே எழுதத் தோன்றும். பீஸ் ரேட்டிலிருந்து தப்பி வந்த மனம் மறுபடியும் பீஸ் ரேட்டுக்கே திரும்புகிறது.

திருப்பி அனுப்பப்பட்ட கவிதை

முதல் வாசகராக இருப்பதில் திருச்சபையின் வரலாறு எத்தகையது? பெருமையும் உண்டு, நாண வேண்டியதும் உண்டு. இங்கிலாந்தின் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் 1868இல் இயேசு சபையில் சேர்ந்தபோது, துறவுக்குப் பொருந்தாது எனக் கருதித் தம் கவிதைகளை எரித்தார். ஏழாண்டுகள் ஏறத்தாழ மௌனம். 1875 டிசம்பரில் டாய்ச்லாந்து என்ற கப்பல் தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தருகே சேதமுற்று, செர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரான்சிஸ்கன் அருள்சகோதரியர் ஐவர் மூழ்கினர். இதைப் பற்றி யாரேனும் கவிதை எழுதலாமே என்று அவருடைய அதிபர் சொன்ன ஒரு சொல் அடைபட்ட ஊற்றைத் திறந்தது. ஹாப்கின்ஸ் மீண்டும் எழுதினார். மேலாளர் ஒருவரின் ஒரு சொல் எவ்வளவு செய்ய வல்லது என்பதற்கு இது சான்று.

பின்னர் நடந்ததை நம்மைப்போல் இதழ் நடத்துவோரும் இதழில் எழுதுவோரும் மறக்கலாகாது. அக்கவிதையை அவர் தம் சபையினரே நடத்திய மாத இதழுக்கு அனுப்பினார். இதழ் அதை வெளியிட மறுத்தது. நடை புரியவில்லை, வாசகர் ஏற்கமாட்டார் என்ற எண்ணம் போலும். அக்கவிதைகளைக் காத்தவர் கத்தோலிக்கரல்லாத நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ். அவருக்கும் அக்கவிதை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நண்பரிடம் எழுதவும் செய்தார். ஆயினும் படித்தார், பதில் எழுதினார், கையெழுத்துப் படிகளைப் பாதுகாத்தார். ஹாப்கின்ஸ் 1889இல் மறைந்து 29 ஆண்டுகளுக்குப் பின், 1918இல் அவற்றை நூலாக்கியவர் அவரே. முதல் வாசகர் உடன்பட வேண்டும் என்பதில்லை. படிக்க வேண்டும், மறுமொழி தர வேண்டும், தொலைந்துபோக விடலாகாது. பிரிட்ஜஸ் செய்தது இம்மூன்றுமே.

நம் தமிழ் மரபிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. 1899இல் உடுமலைக்கு அருகே பூளவாடியில் பிறந்த நாராயணசாமி நான்காம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை. அந்தச் சிறுவனின் திறனை அறிந்து ஆசிரியராக வாய்த்தவர் முத்துசாமிக் கவிராயர். பின்னாளில் அச்சிறுவன் உடுமலை நாராயண கவி எனத் தமிழுலகம் அறிந்த பாவலரானார். பகுத்தறிவு இயக்கச் சார்பினரான அவருடைய கருத்துகள் பலவற்றில் நாம் வேறுபடலாம். ஒரு கவிராயர் ஓர் ஏழைச் சிறுவனைக் கண்டுகொண்டார் என்பதில் வேறுபட ஏதுமில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரும் தனியே தேம்பாவணி பாடிவிடவில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழி வரும் செய்தி. சமயத்தால் வேறுபட்ட ஒரு தமிழ்ப் புலவர், அயல்நாட்டுத் துறவியின் பிழைமலிந்த தமிழைப் பொறுமையோடு கேட்டிருக்க வேண்டும். 3615 பாடல்கள் கொண்ட காப்பியம் அந்தப் பொறுமைக்கும் கடன்பட்டது. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தந்து தமிழ் நாவலைத் தொடங்கி வைத்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கப் பொதுநிலையினர் என்பதையும் நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

ஆலயத்தில் பன்னிரண்டு வயது இயேசுவை லூக்கா நமக்குக் காட்டுகிறார். போதகர்கள் நடுவே அமர்ந்து அவர் கேட்கிறார், வினவுகிறார். மூன்று நாள் தேடிவந்த பெற்றோரின் கவலையையும் நற்செய்தியாளர் மறைக்கவில்லை. அக்காட்சியில் நாம் எளிதில் கவனியாத ஒன்று அந்தப் போதகர்களின் நடத்தை. தச்சரின் மகன் என்று அவரை அனுப்பிவிடாமல், தங்கள் நடுவே இடம் தந்து கேட்டார்கள். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் அன்று அவர்கள் செய்தது நல்ல பணி.

நம் பங்குகளில் அப்பணியைச் செய்யப் பெருநிதி வேண்டியதில்லை. புதிய சபையும் வேண்டியதில்லை. போட்டிகளைக் குறைத்து வாசகர்களைக் கூட்ட வேண்டும். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மறைக்கல்வி அறை ஒன்றைத் திறந்து வைக்கலாம். பங்கு மக்களிடமே இருக்கும் நூல்களைத் திரட்டி, பெயர் எழுதி எடுத்துச் செல்ல விடலாம். திரும்பி வராத நூலைப் பற்றி அதிகம் கேட்காமலிருக்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆலையில் கணக்கெழுதுபவர், நிறையப் படித்த ஓர் இல்லத்தரசி என அன்பியங்களில் இருவர் மூவரை முதல் வாசகர்களாக அமைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஒரே விதி போதும்: கைக்கு வரும் நோட்டை முழுவதும் படித்து, பிடித்த இடத்தில் பென்சிலால் கோடிட்டு, பிடிக்காததற்குக் காரணமும் சொல்லி, இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். உரியவர் இசைவின்றி வேறெவருக்கும் காட்டலாகாது.

இவ்வாறு படிக்கப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் எழுத்தாளராகிவிடப் போவதில்லை. சாந்தா ஃபே நகரின் அந்த மாணவர்களும் எல்லாரும் எழுத்தாளர்களாகிவிடவில்லை. தம் குரலை ஒருவர் முழுமையாகக் கேட்டார் என்ற நினைவு ஒருவரிடம் தங்கினால், பிறர் குரலைக் கேட்க அவருக்கும் மனம் வரும். மடலைப் படித்து முடித்தபோது நமக்குத் தோன்றியது இதுவே. அதனை இன்னும் படியாதவர்கள் படிக்க வேண்டும் என்று விழைகிறோம். அதைப் படிப்பதற்கு முன்பே, வீட்டில் எங்கேனும் ஒரு நோட்டு ஒளித்து வைக்கப்பட்டிருக்குமானால், அதைத் தேடி எடுக்காமல், காட்டுவாயா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.